ஞாயிறும் புதனும் மீன் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று வாங்கினோம். விசிறி மாதிரி விரியும் வால். வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறோம். ஞாயிறும் புதனும் தண்ணீரை முழுவதும் கொட்டி, கல்லையும் கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவி, குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறேன். அப்படியும் தண்ணீர் மாற்றிய அன்று மீன் அடியில் படுத்தே கிடக்கிறது. சாயங்காலம் கிண்ணத்துக்கு மேல் உள்ள சின்ன விளக்கைப் போட்டால் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் நீந்துகிறது. கன்னத்தை உப்பிக்கொண்டு சீறுகிறது. காலையில் பார்த்தால் வால் ஓரம் கிழிந்திருக்கிறது. மேலே நுரை வேறு கட்டுகிறது, அழுக்கு என்று எடுத்துப் போட்டுவிடுகிறேன். தனியாக இருப்பதால்தான் இப்படி, ஒரு பெண் மீன் வாங்கி விடுங்கள் என்கிறார் ஒருவர். உப்பும் நீல மருந்தும் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். "அதுக்கு நம்ம மேல கோபமாம்மா?" என்று மகள் கேட்கிறாள். நான் என்ன செய்வது? அடுத்த மாதம் நான்கு நாள் வெளியூர் போக வேண்டும். அப்போது அதன் சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய உதவி, நீங்கள் நேரத்தைக் குறித்திருப்பதுதான். மீன் படுப்பது ஞாயிறும் புதனும். சீறுவது விளக்கைப் போட்ட பிறகு. வால் கிழிந்திருப்பது மறுநாள் காலையில். அலங்கார மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "மீன் டல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். நீங்கள் எழுதிய மூன்று நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது.

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு உங்கள் யார் மேலும் கோபம் இல்லை, கண்ணு. அது சீறுவது இன்னொரு ஆண் மீனைப் பார்த்து. அந்த இன்னொரு மீன் எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இனி ஞாயிறு, புதன் விஷயம்.

மீனின் உடம்பிலிருந்து கழிவு பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேறுகிறது. அதாவது மூச்சு விடுகிற ஒவ்வொரு நேரமும் கொஞ்சம் தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிடாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே செவுளைப் புண்ணாக்கிவிடும். ஒரு நல்ல தொட்டியில் இதைச் சமாளிப்பவை இரண்டு வகை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. கல்லின் மேல், கண்ணாடியின் உட்பக்கத்தில், எல்லாவற்றையும்விட அதிகமாக ஃபில்டரின் ஸ்பாஞ்சில் ஒட்டி வாழ்பவை. தொட்டியில் அவை முழுமையாக நிலைபெறச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் கிண்ணத்தில் நான்கு நாளுக்கு மேல் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. கல்லைத் தேய்த்து ஒவ்வொரு முறை கழுவும்போதும், வளர ஆரம்பித்தவை எல்லாம் சாக்கடைக்குப் போய்விடுகின்றன. புதிய தண்ணீரில் மறுபடி அம்மோனியா ஏற ஆரம்பிக்கும். அதைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது.

இதோடு முழுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் மாறுவது வேறு ஒரு அடி. குழாய்த் தண்ணீரின் சூடு, கிண்ணத்துத் தண்ணீரின் சூட்டிலிருந்து மூன்று நான்கு டிகிரி வித்தியாசப்பட்டாலே மீன் திகைத்துப்போகும். நமக்கு அது கையில் உறைக்காது. மீனின் உடம்புக்குத் தண்ணீரின் சூடுதான் தன் சூடு. அதற்கு மேல் கிருமிக்காகக் கலக்கும் குளோரின் செவுளை எரிக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்கிற பிஎச் அளவும் ஒரே நொடியில் மாறும். நீங்கள் வாரத்தில் இரண்டு தடவை அக்கறையோடு செய்கிற வேலையே அதைப் படுக்க வைக்கிறது என்று எழுத எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் காரணம் அதுதான். அது படுத்துக் கிடப்பது சோகத்தால் இல்லை, அதிர்ச்சியால்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, பழுப்புச் சாறு நிற்கும் வரை கழுவி மாட்டினேன். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. இரண்டு மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. நான் அழுக்கு என்று நினைத்துக் கழுவி விட்ட அந்தப் பழுப்புதான் அந்தத் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த நான்காம் நாள் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

"ஃபைட்டர் மீன் சின்னப் பாட்டிலிலேயே இருக்குமே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். கடையில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். இரண்டு ஆண்களை ஒன்றாக விட முடியாது என்பதால், விற்கிற வரைக்கும் ஆளுக்கொரு டப்பா. அது வந்து போகிற இடம், வீடு இல்லை. இந்த மீனின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் அள்ளும் காற்றிலிருந்து ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். பிழைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்று நினைத்துவிடுகிறோம். மேலே வந்து காற்றை விழுங்கினால் மூச்சுத் திணறல் தீரும். அம்மோனியாவின் எரிச்சல் தீராது.

அதன் சொந்த ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தின் நடுப்பகுதி, சாவோ பிரயா ஆற்றுப் படுகை. நெல்வயல், சதுப்பு, ஓடாத வாய்க்கால். தண்ணீர் கணுக்காலோ முழங்காலோ ஆழம்தான், ஆனால் பரப்பு கண்ணுக்கு எட்டாத அளவு. செடி அடர்ந்திருக்கும், இலைகள் மட்கித் தண்ணீர் பழுப்பாக இருக்கும், வெதுவெதுப்பு குறையாது. அந்த ஊர்க்காரர்கள் இதைப் 'ப்ளா கட்' என்கிறார்கள், கடிக்கிற மீன் என்று பொருள். குறைந்தது ஆயிரம் வருஷமாக மனிதர் வளர்த்து வருகிற மீன் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. 1910இல் சார்லஸ் டேட் ரீகன் என்ற விலங்கியலாளர் இதற்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று பெயர் வைத்தார். 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நீளமான வால், நீலம், சிவப்பு, வெள்ளை எல்லாம் மனிதர் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததால் வந்தவை. இயற்கையில் இருப்பது பழுப்பும் பச்சையுமாக, குட்டை வாலோடு இருக்கும். வால் மாறினாலும் அதன் தேவைகள் மாறவில்லை. வெதுவெதுப்பு, அசையாத தண்ணீர், ஒதுங்க இடம், தனக்கென்று ஒரு எல்லை.

எல்லை என்றதும் சாயங்கால விஷயத்துக்கு வருவோம்.

இதைப் படித்துவிட்டு இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, வெளியே இருட்டாக இருக்கிற ஜன்னல் கண்ணாடியின் முன்னால் போய் நில்லுங்கள். வெளியே இருப்பது தெரியாது. உங்கள் முகம் தெரியும். கிண்ணத்துக்கு மேல் விளக்கு எரிந்து, சுற்றி அறை மங்கலாக இருந்தால் மீனுக்கு நடப்பது இதேதான். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. கண்ணாடி முழுக்க ஓர் ஆண் மீன். தன் நிழல் என்று அதற்குத் தெரியாது. செவுள் மூடியை விரித்து, அடியில் இருக்கும் கருஞ்சவ்வைத் தாடி மாதிரி இறக்கி, துடுப்பெல்லாம் விரித்து, "இது என் இடம்" என்று காட்டும். எதிரே இருப்பவனும் அதே அளவுக்கு விரிப்பான். வயலில் என்றால் இரண்டில் ஒன்று துடுப்பை மடக்கிக்கொண்டு செடிக்குள் ஒதுங்கிவிடும், கதை முடிந்துவிடும். கண்ணாடியில் இருப்பவன் ஒதுங்கவே மாட்டான். உருண்டைக் கிண்ணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன்தான். இது ஒவ்வொரு சாயங்காலமும் மணிக்கணக்கில்.

மேலும் கீழுமாகக் கண்ணாடியை ஒட்டி நீந்துவதும் இதோடு சேர்ந்ததுதான். வெளியேற வழி தேடும் ஓட்டம் அது. இடம் போதாதபோதும், தண்ணீர் கெட்டிருக்கும்போதும் இப்படிச் செய்யும். உங்கள் கிண்ணத்தில் இந்த மூன்று காரணமும் ஒன்றாக இருக்கின்றன.

இன்றைக்கே செய்யக்கூடியது: மேல் விளக்கை அணைத்துவிட்டு அறை விளக்கைப் போடுங்கள். கிண்ணத்தின் பின்பக்கமும் இரண்டு பக்கமும் வெளிர் நிறத் தாள் ஒட்டுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். பின்னால் கறுப்பு இருந்தால் உருவம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு வாரம் இப்படி வைத்துப் பாருங்கள், சீறல் வெகுவாகக் குறையும். "உடற்பயிற்சி" என்று சொல்லிக் கண்ணாடி காட்டுகிறவர்கள் உண்டு. நல்ல தொட்டியில், நல்ல உடம்போடு இருக்கும் மீனுக்கு எப்போதாவது ஒன்றிரண்டு நிமிடம் காட்டினால் கெடுதல் ஒன்றும் இல்லை. உங்கள் மீனுக்கு இப்போது அது வேண்டவே வேண்டாம்.

வால்.

கிழிசலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், முடிந்தால் செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு காணாமல் போயிருந்து, வெட்டின இடம் சுத்தமாக, மற்ற இடத்து நிறத்திலேயே இருந்தால் அது தன் வாலைத் தானே கடித்தது. விசிறி வால் மீன்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். அந்த வாலைச் சுமந்துகொண்டு மணிக்கணக்காகச் சீறுவது அதற்குப் பெரிய பாரம். களைப்பும் பதற்றமும் சேர்ந்தால் திரும்பி வாலைக் கடித்துவிடும். ஒரே ராத்திரியில் நடக்கும். அதனால்தான் நீங்கள் காலையில் பார்க்கிறீர்கள். அப்படி இல்லாமல் ஓரம் கறுத்தோ சிவந்தோ, பஞ்சு மாதிரி பிசிறாகி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அரித்துக்கொண்டு வந்தால் அது துடுப்பு அழுகல் நோய். பாக்டீரியாவால் வருவது. இன்னொரு காரணமும் சோதித்துவிடுங்கள்: பிளாஸ்டிக் செடியோ கூர்மையான கல்லோ உள்ளே இருந்தால் அதன் மேல் பழைய நைலான் துணியை உரசிப் பாருங்கள். நூல் இழுத்தால் வாலும் கிழியும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் காரணம்தான் என்று நம்புகிறேன். எப்படி இருந்தாலும் முதல் மருந்து ஒன்றுதான்: சுத்தமான, வெதுவெதுப்பான, நிலையான தண்ணீர். உப்பும் நீல மருந்தும் இப்போது ஊற்றாதீர்கள். அந்த நீல மருந்து நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கொன்றுவிடும். நான் வாங்கச் சொல்லப் போகிற புதுத் தொட்டியில் பாக்டீரியா வளர வேண்டிய நேரத்தில் மருந்தை ஊற்றினால் பழையபடி அம்மோனியாவில்தான் போய் நிற்போம். தண்ணீர் சரியானால் வால் தானே வளரும். ஓரத்தில் கண்ணாடிக் காகிதம் மாதிரி நிறமில்லாத மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். பலர் அதைப் பூஞ்சை என்று பயந்துவிடுகிறார்கள். அது புதுச் சதை. சில வாரத்தில் நிறம் ஏறும்.

நுரையை இனிமேல் எடுத்துப் போடாதீர்கள். அது அழுக்கு இல்லை, கூடு. ஆண் மீன் மேலே போய்க் காற்றை வாயில் எடுத்து, எச்சில் பூசி, ஒவ்வொரு குமிழாக விடும். ஓர் இலை ஓரமோ கண்ணாடி மூலையோ பார்த்து அடுக்கும். பெண் மீன் இருக்க வேண்டும் என்பதில்லை. வயதுக்கு வந்த ஆண் தனியாக இருந்தாலும் கட்டும். முட்டைகளை அந்தக் குமிழ்களுக்குள் வைத்து, கீழே விழுவதை வாயால் பொறுக்கி மறுபடி ஒட்டி, பொரியும் வரை காவல் இருப்பது அப்பாவின் வேலை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மீன் கூடு கட்டுவதை முழுசாகப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பொறுமை. மகளோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். ஆனால் கூடு கட்டிவிட்டது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்ட தண்ணீரிலும் கட்டுகிற மீன்களைப் பார்த்திருக்கிறேன்.

பெண் மீன் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நியான், கப்பி மாதிரி கூட்டமாக வாழ்கிற மீன்களுக்குத் தனிமை துன்பம். ஃபைட்டருக்குத் தன் எல்லைக்குள் இன்னொன்று இருப்பதுதான் துன்பம். முட்டை இட்ட கையோடு ஆண் பெண்ணைத் துரத்தும். வயலில் அவள் நீந்திப் போய்விடுவாள். கிண்ணத்தில் எங்கே போவாள்? சில மணி நேரத்தில் அவள் துடுப்பெல்லாம் போய்விடும், உயிரும் போகலாம்.

சரி, இப்போது வீடு. இருபது லிட்டர் பிடிக்கிற செவ்வகத் தொட்டி ஒன்று வாங்குங்கள். உயரத்தைவிட நீளம் முக்கியம், அடிக்கடி மேலே வந்து காற்று எடுக்கிற மீனுக்கு ஆழம் தேவையில்லை. மூடி கட்டாயம் வேண்டும். இது துள்ளுகிற மீன், காலையில் தரையில் கிடந்ததாக எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அங்கே நிற்கிற வெதுவெதுப்பான காற்றைத்தான் அது விழுங்கப் போகிறது.

ஃபில்டர் என்றால் ஏர் பம்ப்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். வால் காற்றில் கொடி மாதிரி இழுபட்டால் ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். தண்ணீர் 25லிருந்து 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், அதைவிட முக்கியம் பகலும் இரவும் ஒரே மாதிரி இருப்பது. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி அதிகாலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பாருங்கள். அதிகாலையில் 24க்குக் கீழே போனால் 25 வாட் ஹீட்டர், தெர்மோஸ்டாட் உள்ளதாக. குளிர்ந்த தண்ணீரில் இதற்குச் செரிமானமும் நடக்காது, நோயை எதிர்க்கவும் தெம்பு இருக்காது.

செடி நிறைய வையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அதிக வெளிச்சம் கேட்காதவை. அகலமான இலை ஒன்று தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வருமாறு வைத்தால் அதன் மேல் படுத்துக்கொள்ளும். காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடலாம், மருந்து தெளிக்காத மரமாகப் பார்த்து. தண்ணீர் பழுப்பாகும். அதன் ஊர்த் தண்ணீரின் நிறம் அது, பயப்பட வேண்டாம். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும், இரவில் நல்ல இருட்டு வேண்டும். மீனும் தூங்கும்.

புதுத் தொட்டியில் பாக்டீரியா வளர்வதற்கு முன்பே மீனை விட வேண்டிய நிலைமை உங்களுடையது. கிண்ணத்தில் இன்னும் ஆறு வாரம் வைத்திருப்பதைவிட அது மேல். தெரிந்தவர் யாராவது நோயில்லாத தொட்டி வைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அவர்களது ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்து வையுங்கள். வாரக்கணக்கு மிச்சமாகும். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மருந்துக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது நல்லது. முதல் ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதியுங்கள். இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். எது ஒன்று 0.25 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொட்டாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா நிலைபெற்ற பிறகு வாரம் ஒரு முறை கால் பங்கு போதும்.

மாற்றுகிற தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து, கையை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்து, தொட்டியின் சூட்டுக்குச் சமமாக்கி, மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது. மருந்து கலப்பதே பத்திரம். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு மூன்று தடவை அழுத்தி எடுத்து மாட்டுங்கள். சோப்பு மட்டும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. மீனை மாற்றும் அன்று, அதைக் கொஞ்சம் பழைய தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் எடுத்து, அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாகப் புதுத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, பிறகு மீனை மட்டும் விடுங்கள்.

தீனி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய் மேல்நோக்கி இருப்பதைப் பாருங்கள்: நீர்ப்பரப்பில் இருக்கிற கொசுப்புழுவையும் பூச்சியையும் பிடிக்கிற வாய். மாமிசம் தின்கிற மீன். ஃபைட்டருக்கென்று விற்கிற சின்ன பெல்லட் காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் வேண்டாம். மகள் பக்கத்தில் வந்ததும் ஓடிவந்து வாயைத் திறக்கும். பசி என்று நினைத்து அவள் இன்னும் நான்கு போடுவாள். அந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். மீதி தீனியைக் கையோடு எடுத்துவிடுங்கள்.

இனி சில நாள் நீங்கள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், எதைப் பார்த்தாலும் பயம் வரும். அதனால் இதையும் எழுதுகிறேன். மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுத்துவிட்டு இறங்குவது இயல்பு. இலை மேல் சாய்ந்து படுப்பது இயல்பு. இரவில் நிறம் மங்குவதும் இயல்பு. வயதானால் இன்னும் அதிகமாகப் படுக்கும்; கடையில் வாங்கும்போதே இவற்றுக்குப் பல மாதம் ஆகியிருக்கும், ஆயுள் சுமார் மூன்று வருஷம். பயப்பட வேண்டியது வேறு. மேல்மட்டத்திலேயே நின்று செவுளை வேகவேகமாக அடிப்பது, துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கியே வைத்திருப்பது, உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, டார்ச் அடித்தால் தங்கத் தூள் மாதிரி மின்னுவது, வயிறு உப்பிச் செதில் எல்லாம் குத்திட்டு நிற்பது. இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றே தண்ணீரைச் சோதித்துவிட்டு மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். செதில் குத்திட்டு நின்ற பிறகு என்னிடம் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடிந்ததில்லை. அதனால்தான் மற்ற அறிகுறிகளிலேயே வரச் சொல்கிறேன்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, காலைச் சூடு, சாப்பிட்டதா, எத்தனை மணிக்குச் சீறியது, வால் எப்படி இருக்கிறது என்று நான்கு வரி. அடுத்த முறை எனக்கு எழுதும்போது அந்த நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, வெளியூர்ப் பயணம். நான்கு நாள் தீனி இல்லாமல் இருப்பது நல்ல உடம்போடு இருக்கிற ஃபைட்டருக்குப் பெரிய விஷயமே இல்லை. கரைந்துகொண்டே இருக்கும் தீனிக் கட்டி விற்கிறார்கள், வாங்கிப் போடாதீர்கள்; புதுத் தொட்டியில் அது தண்ணீரைக் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால், கரண்ட் இருக்கிறதா, ஃபில்டர் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தீனி டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றி, விளக்கை அணைத்து, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஒன்றே ஒன்று: புதுத் தொட்டிக்கு மாற்றிய முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பயணம் வருகிற மாதிரி இருக்க வேண்டாம். தொட்டியை இந்த வாரமே வாங்கிவிட்டால் அடுத்த மாதத்துக்குள் சரியாக இருக்கும்.